சூடானால் ‘டக்’ சத்தத்தோடு நின்றுவிடும் ஸ்டார்ட்டர்

2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 1,10,000 கி.மீ. ஓடியது. இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரால் மூன்று வாரமாக ஒரே தொல்லை. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டக்’, அவ்வளவுதான். இன்ஜின் சுற்றுவதே இல்லை.

பேட்டரி புதிது, 12.6 வோல்ட். டெர்மினல், எர்த் வயர் இரண்டையும் சுரண்டிச் சுத்தம் செய்தேன். ஸ்டார்ட்டரை இயக்கும் சிறு ஸ்விட்சான ரிலேவும் மாற்றியாயிற்று. ‘டக்’ என்னும்போது ஸ்டார்ட்டரில் பேட்டரி வயர் வந்து சேரும் போல்ட்டில் 12.3 வோல்ட் குறையாமல் நிற்கிறது, மோட்டார்தான் கரண்ட் இழுக்கவில்லை. அப்புறம், அதன் உடம்பில் ஸ்பானரால் லேசாகத் தட்டினால் சில சமயம் சுற்றிவிடுகிறது! எத்தனை நாள் தட்டிக்கொண்டிருப்பது?

மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டாருக்குக் கரண்டை விடும் காந்த ஸ்விட்சான சோலினாய்டின் செப்புத் தொடுமுனை கருகியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். மோட்டாரைக் கழற்றாமலே இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?