‘டிட் யூ வென்ட்’ போகவே மாட்டேங்கிறது, ஓடியாடி விளையாடுற மாதிரி ஏதாவது இருக்கா?

கரும்பலகை:
வணக்கம். கிராமத்து நடுநிலைப் பள்ளியில் 8ஆம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன், 38 பிள்ளைகள். கோடிட்ட இடம் நிரப்பச் சொன்னால் பாஸ்ட் டென்ஸ் எல்லாம் சரியாக எழுதுகிறார்கள், ஆனால் வாயைத் திறந்தால் ‘மிஸ், டிட் யூ வென்ட் டு மார்க்கெட்?’ தான், ‘டிட் யூ கோ’ என்று வருவதே இல்லை. இரண்டு அணியாகப் பிரித்து, போர்டுக்கு ஓடிவந்து வினைச்சொல் எழுதுகிற போட்டி வைத்துப் பார்த்தேன். நாலு பேர் ஓடினார்கள், மீதிப் பேர் கைதட்டினார்கள், மறுநாள் அதே பிழை. பீரியட் 40 நிமிஷம்தான். எல்லாரும் பேசுகிற மாதிரி விளையாட்டு இருந்தால் சொல்லுங்கள்.

சாக்பீஸ்:
டீச்சர், அந்தப் போட்டியில் அவர்கள் பழகியது வென்ட், ஏட் என்று வடிவங்களை மட்டும்தான், கேள்வி கேட்கப் பழகவில்லை. தமிழில் ‘போனான்’ கூட ஒரு ‘ஆ’ சேர்த்தால் ‘போனானா’, வினைச்சொல் அப்படியே இருக்கும். அதே பழக்கத்தில்தான் வென்ட்டையும் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள்.

நான் செய்வது இது. ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்து நாலு பேரை வரிசையாக நிறுத்துவேன்: ரவி, வென்ட், டு, ஊட்டி. வென்ட் அட்டைக்குப் பின்பக்கம் ‘கோ’ என்று இருக்கும். ‘டிட்’ அட்டை வைத்திருக்கிறவன் கடைசி பெஞ்சிலிருந்து ஓடிவந்து, வென்ட்டின் தோளைத் தட்டிவிட்டு, ரவிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். தட்டியதும் அட்டையைத் திருப்பணும். முதல் நாள் ஒரு பையன் திருப்பாமல் முழித்துக்கொண்டு நின்றான், வகுப்பே ‘திருப்புடா, திருப்புடா’ என்று கத்தியது. அப்புறம் யாராவது ‘டிட் வென்ட்’ என்று சொன்னால் பிள்ளைகளே உள்ளங்கையைத் திருப்பிக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள், சொன்னவன் உடனே திருத்திக்கொள்கிறான். ‘டிட்நாட்’ வாக்கியத்துக்கும் இதேதான், அந்த அட்டைக்காரன் ரவிக்குப் பின்னால் நிற்பான், அவ்வளவுதான்.

திண்ணை:
நாலு பேர் மட்டும் ஓடுவதற்கு மருந்து ரன்னிங் டிக்டேஷன். வராண்டா சுவரில் ஐந்து வரிக் கதை ஒன்றை நாலைந்து இடத்தில் ஒட்டிவிடுங்கள், இரண்டு இரண்டு பேராகப் பிரியட்டும். ஒருத்தர் போய் ஒரு வரியைப் படித்து மனசில் வைத்துக்கொண்டு வந்து சொல்லணும், மற்றவர் எழுதணும், பாதியில் மாறிக்கொள்ளணும். ஒரே நேரத்தில் 38 பேருக்கும் வேலை. கடைசியில் மூலத்தோடு ஒப்பிட்டால் வழியில் எது விழுந்தது என்று தெரியும். பெரும்பாலும் ‘த’ (the) விழுந்திருக்கும், நம் பேச்சில் அதற்கு ஈடான சொல்லே இல்லையே.

கரும்பலகை:
அட்டை விளையாட்டு பிடித்துவிட்டது சார். ஒரு சந்தேகம், என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு ஓட முடியாது, இன்னொருத்தி வாயே திறக்க மாட்டாள். இவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

முந்திரிக்கா:
ஓட முடியாத பிள்ளையைக் கட்டளை போட வையுங்கள். ‘ஓப்பன் த டோர்’, ‘ஜம்ப் த்ரைஸ்’ என்று அவள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் செய்யட்டும். பேசாதவள் முதலில் செய்தால் போதும், வாயைத் திறக்கச் சொல்லி நெருக்கவே வேண்டாம். 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் இப்படித்தான் ஒரு முறையை உருவாக்கினார், குழந்தை பேசுவதற்கு முன்னால் சொன்னதைக் கேட்டுச் செய்கிறதில்லையா, அதுதான் அடிப்படை. செய்து முடித்ததும் ‘வாட் டிட் ஷீ டூ?’ என்று வகுப்பைக் கேளுங்கள். கண்முன்னால் இப்போதுதான் நடந்தது என்பதால் ‘ஷீ ஓப்பன்ட் த டோர்’ தானாக வரும்.

மைதானம் கிடைத்தால் நம்ம கொலை கொலையா முந்திரிக்காவே இருக்கிறது. துணி விழுந்த பிள்ளை எழுந்து துரத்துவதற்கு முன் ‘ஹீ டிராப்ட் இட் பிஹைண்ட் மீ’ என்று சொல்லியாக வேண்டும், சொல்லாமல் ஓடினால் அவுட். இந்த ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீர்கள், தளர்த்தினால் தமிழிலேயே ஓடி முடித்துவிடுவார்கள்.

கரும்பலகை:
நன்றி. நாளைக்கு மூன்றாவது பீரியடே அட்டையோடு ஆரம்பிக்கிறேன். பழைய காலண்டர் அட்டை போதுமா?

சாக்பீஸ்:
தாராளமாக. வென்ட்டைச் சிவப்பிலும் ‘கோ’வைக் கறுப்பிலும் எழுதுங்கள், பின் பெஞ்சுக்குத் தெரியணும்.