ஒட்டிய மூச்சுக்குழல் வளர்கிறதா: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கால்நடை மருத்துவ முதுநிலை மாணவியான நான், முயல் குட்டிகளுக்குப் பொருத்திய மூச்சுக்குழல் துண்டு உடலோடு சேர்ந்து வளருமா என்பதை ஆய்ந்து வருகிறேன். மூச்சுக்குழலுக்கெனத் தனிப் பெருந்தமனி இல்லை. சிறு கிளை நாளங்களே இரத்தம் தருவதால், ஒட்டிய துண்டின் குருத்தெலும்பு வளையங்கள் முதல் சில நாட்கள் பட்டினி கிடக்கின்றன. பிழைத்த துண்டு வளராமல் நின்றாலும் ஆபத்துதான். விட்டம் பாதியானால், சீரான ஓட்டத்திலேயே காற்றுத் தடை 16 மடங்காகிவிடும்.

நுண்ணோக்கியில், தையலை அடுத்த வளைய விளிம்பில் நீலச் சாயமேறிய இளம் குருத்தெலும்புச் செல்கள் கொத்தாகத் தெரிகின்றன. அவை உண்மையான வளர்ச்சியா, காயம் ஆறுவதன் அடையாளம் மட்டுமா என்று என்னால் பிரித்தறிய இயலவில்லை. கரையாத நூல் வளையத்தை இறுக்குகிறதோ என்ற கவலையும் உண்டு. குட்டிகளின் மூச்சு சம்பந்தப்பட்டது என்பதால், இதற்கேற்ற சாய முறையோ அளவீட்டு முறையோ அறிந்தவர்கள் விரைந்து தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.