ஐஸ் டைப் போகிமான் எதிரே வந்து நின்ற கணம்: இன்னும் மனசை அரிப்பது எது? (போகிமான் கேம் ஆடுறவங்க பேசிக்கிட்டது; ஒவ்வொரு பதிவுக்கும் மேல எழுதினவர் பெயர்.)

பனிக்குகை
ரெஜிஐஸ். மூணாம் தலைமுறை கேம்களான ரூபி, சஃபையர். அணியில ரெலிகாந்த், வைலார்ட் ரெண்டையும் கொண்டுபோய் அதோட குகையைத் திறக்க வைக்கிற சீல்டு சேம்பர் கதை எல்லாருக்கும் தெரியும், அதனால நேரா ரூட் 105 ஐலண்ட் கேவுக்கு வந்துடறேன். சுவரில் ப்ரெயில் எழுத்து. படிச்சதும் எந்தப் பட்டனையும் தொடக்கூடாது, ரெண்டு நிமிஷம் அப்படியே நிற்கணும். திரையில எதுவும் அசையாது. கேம் ஹேங் ஆயிடுச்சோன்னு கை பரபரக்கும். ஒரு அடி நகர்ந்தாலும் போச்சு, மறுபடி படிச்சு முதல்ல இருந்து நிற்கணும். அப்புறம் படார்னு கதவு திறக்கும். உள்ளே லெவல் 40, கண்ணு மூக்கு எதுவும் கிடையாது, புள்ளிகள் மட்டும்தான் முகம்.

அரிப்பது இதுதான். பனியுகத்தில் உருவான உடம்பு, மாக்மாவில் கிடந்தாலும் உருகாது, சுத்தி இருக்கிற காத்து −200 டிகிரி செல்சியஸ்னு போகிடெக்ஸ் (கேம்ல இருக்கிற போகிமான் தகவல் ஏடு) சொல்லுது. அதே உடம்பு ஃபயர் மூவுக்கு, அதாவது நெருப்புத் தாக்குதலுக்கு, இரட்டிப்பு அடி வாங்குது. எரிமலைக் குழம்புக்கே அசையாதது எம்பர் மாதிரி சின்ன ஃபயர் மூவுக்கு ஏன் அலறணும்?

டைமர்பால்
எங்கே அலறுது? ஸ்டாட்ஸைப் பாருங்க. ஸ்பெஷல் மூவைத் தாங்குற ஸ்பெஷல் டிஃபென்ஸ் 200, ஃபிசிக்கல் மூவைத் தாங்குற சாதா டிஃபென்ஸ் 100. அந்த மூணாம் தலைமுறையில் மூவ் ஃபிசிக்கலா ஸ்பெஷலான்னு டைப்பை வெச்சுத்தான் முடிவாகும். ஃபயர் எல்லாமே ஸ்பெஷல். இரட்டிப்பு ஆனாலும் 200ல மோதி மழுங்கிப் போகும். நிஜமா வலிக்கிறது ஃபைட்டிங், ராக், ஸ்டீல். இது மூணும் அப்போ ஃபிசிக்கல். போகிடெக்ஸும் கணக்கும் இங்கே ஒத்துத்தான் போகுது.

இன்னொண்ணு, அதே தலைமுறையோட எமரால்ட் கேமில் சும்மா நின்னா கதவு திறக்காது. சுவரை ஒட்டியே ஒரு சுத்து ஓடணும், நடுவுல சுவரை விட்டு விலகக் கூடாது. சீல்டு சேம்பர்ல அணியில வைக்க வேண்டிய வரிசையும் மாறும்: ரூபி, சஃபையரில் ரெலிகாந்த் முதல் இடம், வைலார்ட் கடைசி. எமரால்டில் தலைகீழ். பழைய குறிப்பை வெச்சுக்கிட்டு எமரால்ட் ஆடுறவங்க எல்லாரும் இங்கேதான் மாட்டுறாங்க.

யாரும் கேக்கல, இருந்தாலும் பிடிக்கிற முறையைச் சொல்லிடறேன். கேட்ச் ரேட் 3, அதாவது பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். கொல்லாம அடிக்கிற ஃபால்ஸ் ஸ்வைப் மூவைப் போட்டு எச்பியை (உயிர் அளவை) 1க்கு இறக்குங்க, தூங்க வைங்க. பிடிபடுற வாய்ப்பு தூக்கத்துல 2 மடங்கு, பாரலிசிஸ்ல 1.5 மடங்குதான். பாய்சன், பர்ன் வேண்டவே வேண்டாம், நீங்க பந்து எறியிறதுக்குள்ள அதுவே செத்துடும். உறைய வைக்கலாம்னு நினைக்காதீங்க, ஐஸ் டைப் உறையாது. டர்ன் ஏற ஏற வலு கூடுற டைமர் பால் பந்தோட பெருக்கம் 10 கூட்டல் டர்ன் எண்ணிக்கை, வகுத்தல் 10, உச்சம் 4. அதாவது பத்தாவது டர்ன்ல 2 மடங்கு தர்ற அல்ட்ரா பாலைத் தொடும், முப்பதாவதுல அதைப் போல ரெண்டு மடங்கு ஆயிடும். அதுவரைக்கும் தாக்குப் பிடிக்கிற டீம் வேணும்.

இதுல ஒரு கண்ணி இருக்கு. லெவல் 40 ரெஜிஐஸ் கையில இருக்கிறது ஐசி விண்ட் 15 பிபி (அத்தனை தடவைதான் அந்த மூவை அடிக்கலாம்), கர்ஸ் 10, சூப்பர்பவர் 5, ஏன்ஷியன்ட் பவர் 5. மொத்தம் 35. அது தீர்ந்தா அடிக்கிறதுக்கே திருப்பி அடி விழுற ஸ்ட்ரகிள் மூவ்தான், எச்பி 1ல இருக்கிறது தன் அடியிலேயே விழுந்துடும். முப்பதுக்கும் முப்பத்தஞ்சுக்கும் நடுவுல இருக்கிற அந்த அஞ்சு டர்ன்தான் உங்க நேரம். வாசல்லயே சேவ் பண்ணிக்கோங்க.

சீஃபோம்
பாடம் நல்லா இருக்கு, ஆனா கேட்டது சந்திப்பைப் பத்தி.

பனிப் பறவை ஆர்டிகூனோ, முதல் தலைமுறை கேம். சீஃபோம் ஐலண்ட்ஸ்ல ஸ்ட்ரெங்த் போட்டுப் பாறைகளை ஓட்டை வழியா மாடி மாடியா கீழே தள்ளுறோம், நீரோட்டம் நிக்குது, சர்ஃப் பண்ணிப் போனா எதிர்ல லெவல் 50. முதல் டர்ன் ஐஸ் பீம். 10 சதவீதம் உறையும் வாய்ப்பு. என் போகிமான் உறைஞ்சுது. அந்தத் தலைமுறையில உறைஞ்சது தானா இளகவே இளகாது, இதைத்தான் இப்ப ஆடுறவங்க நம்ப மாட்டேங்கிறாங்க. எதிரி ஃபயர் மூவ் அடிச்சா உண்டு, ஆர்டிகூனோ எங்கே ஃபயர் அடிக்கப் போகுது? ஐஸ் ஹீல் இல்லைன்னா ஃபுல் ஹீல். பையில ரெண்டும் இல்லைன்னா அந்தப் போகிமான் சண்டை முடியிற வரைக்கும் வெறும் சிலை.

மூணாம் தலைமுறையிலிருந்து டர்னுக்கு 20 சதவீதம் இளகும். அப்பவே பாதி பயம் போயிடுச்சு.

ஓதம்
ஸ்னோரன்ட். ரூபி, சஃபையர், எமரால்டோட ஷோல் கேவ். கடல் வத்தின நேரத்துல மட்டும் திறக்கிற பனி அறை. 3 மணியிலிருந்து 9 மணி வரை வத்தம், காலையிலும் சரி, மாலையிலும் சரி. மத்த நேரம் தண்ணி ஏறியிருக்கும், அறைக்குப் போற வழி கிடையாது. அதே அறையில நெவர்மெல்ட் ஐஸ்ங்கிற பொருளும், ஹெயில் மூவைக் கத்துக்கொடுக்கிற டிஎம்மும் கிடக்கும், எடுக்காம வராதீங்க.

அறைக்கு வந்து, வழுக்கி வழுக்கித் திரிஞ்சு, ஜூபேட் வௌவாலாவே வந்துக்கிட்டு இருக்கும்போது திடீர்னு கூம்புத் தொப்பிக்குள்ள பல்லைக் காட்டிக்கிட்டு ஒரு குட்டி உருவம். அந்த முகம்தான் மறக்காது.

எந்த நேரம் போனாலும் தண்ணி ஒரே மாதிரி இருக்கா? அது கேம் தப்பில்லை, கார்ட்ரிட்ஜ் பேட்டரி காலி. ஆரம்பிக்கும்போதே ஒரு எச்சரிக்கை வரும், அதைப் படிக்காம ஏ பட்டனைத் தட்டிட்டுப் போயிடுறோம். கடிகாரம் நின்னா ஓதமும் நிக்கும். சேவ் ஃபிளாஷ் மெமரியில இருக்கிறதால அதுக்கு ஆபத்தில்லை. சிஆர்1616 பேட்டரி மாத்தணும். காது (சால்டர் வைக்கிற தகடு) வெச்ச பேட்டரியா வாங்குங்க, சாதா பட்டன் செல் மேல நேரடியா சால்டர் வெச்சா சூட்டில் வீங்கும், வெடிக்கவும் செய்யும்.

வெள்ளை ஆடை
ஸ்னோரன்டைப் பத்திப் பேசிட்டு அதோட அடுத்த உருவத்தை விட்டுட்டீங்களே. பனிமலையில வழி தவறின பெண் மறுபிறவி எடுத்ததுதான் ஃப்ராஸ்லாஸ்னு கதை. அதனாலதான் பெண் ஸ்னோரன்ட் மட்டும், அதுவும் டான் ஸ்டோன் காட்டினா மட்டும் மாறும். சும்மா விட்டா லெவல் 42ல கிளேலியா மாறிடும், அப்புறம் திருப்ப வழியில்லை. நாலாம் தலைமுறைக்கு முன்னாடி ஃப்ராஸ்லாஸே கிடையாது, எமரால்டில் தேடாதீங்க.

டாருமாக்கா
எல்லாரும் பனியிலயே பிறந்ததுகளைப் பத்தியே பேசுறீங்க. பனிக்குள்ள தள்ளப்பட்டதுகள் இருக்கே, அதுக என்ன பாவம் பண்ணுச்சு?

காலார் பிராந்தியத்து டாருமாக்காவை எடுத்துக்கோங்க. பனியில ரொம்ப காலம் வாழ்ந்து உள்ளே இருந்த நெருப்புப் பை குளிர்ந்து சுருங்கிப் போச்சு, அந்த இடத்துல குளிரை உண்டாக்குற உறுப்பு வந்துச்சு. அலோலா பிராந்தியத்து சாண்ட்ஷ்ரூ எரிமலை வெடிப்புக்குப் பயந்து பனிமலைக்கு ஏறினது. ஃபயர், ஃபைட்டிங் ரெண்டுக்கும் 4 மடங்கு அடி வாங்குற ஐஸ் ஸ்டீல் உடம்பு, ஓடிப்போய்த் தப்பிச்சதுக்குக் கிடைச்ச கூலி.

அலோலாவோட நண்டு கிராப்ராலர் கதை இன்னும் மோசம். உச்சியை அடையணும்னு போய், வழி தெரியாம பனிமலையில மாட்டி, குளிர் தாங்காம ரோமம் வளர்த்து கிராபாமினபிள் ஆகுது. மெலெமெலே தீவுலயே பெர்ரிக் குவியலுக்குள்ள இருந்து திடீர்னு குத்து விட வரும், ஆட்டத்தோட ஆரம்பத்துலயே. ஆனா லனாகிலா மலையில லெவல் ஏறினாத்தான் மாறும், அந்த மலை ஆட்டத்தோட கடைசியில. வேற எங்கே லெவல் ஏத்தினாலும் ஒண்ணும் நடக்காது. ஸ்கார்லெட், வயலெட் கேம்கள்ல இருந்து ஐஸ் ஸ்டோன் போதும். என்னைக் கேட்டா கதையோட உயிரே அதுல போச்சு.

பனிக்குகை
அப்போ ரெண்டு குலம்னு வெச்சுக்கலாமா? பிறவிக் குளிர், வந்தேறிக் குளிர்.

ஸ்படிகம்
க்ரையோகோனலை எந்தக் குலத்துல போடுவீங்க? பனி மேகத்துல பிறக்குது, சூடேறினா ஆவியாகி மறையுது, குளிர்ந்தா திரும்ப பனிக்கட்டி ஆகுது. ட்விஸ்ட் மவுன்டன்ல இருட்டுக்குள்ள பனிக்கட்டிச் சங்கிலியைத் தொங்கவிட்டு மிதந்து வர்றதைப் பார்த்தா குலம் கோத்திரம் எல்லாம் மறந்துடும். கிரவுண்ட் மூவ் அடிக்காதீங்க, மிதக்கிற லெவிடேட் திறன் இருக்கு, படாது.

ஐஸ்கிரீம் மாதிரி இருக்கிற வேனிலைட்டைப் பார்த்துச் சிரிக்கிறவங்களுக்கும் ஒண்ணு: காலை வெயிலோட சக்தி பட்ட பனித்தொங்கல்ல இருந்து வந்ததுன்னு போகிடெக்ஸ்லயே இருக்கு. ரெஜிஐஸை விட அழகான பிறப்பு.

டைமர்பால்
பிறப்பு அழகா இருந்து என்ன, சண்டையில நிக்கணுமே. ஐஸ் தாங்குறது ஐஸை மட்டும்தான். பலவீனம் நாலு. கிராஸ், ஐஸ் ரெண்டும் சேர்ந்த அபோமாஸ்னோவுக்கு ஏழு, அதுலயும் ஃபயர் 4 மடங்கு.

சீஃபோம்
டிராகன், ஃப்ளையிங், கிராஸ், கிரவுண்ட் நாலையும் ஐஸ் இரட்டிப்பா அடிக்கிறதைச் சொல்லலையே. முதல் தலைமுறையில பிளிசார்ட்ங்கிற ஐஸ் மூவ் குறி தவறாம படுற வாய்ப்பு 90 சதவீதம், ஃபயர்கூட ஐஸைத் தாங்காது. அடுத்த தலைமுறையிலதான் 70 ஆக்கினாங்க, ஃபயருக்கும் தடுப்பு கொடுத்தாங்க, ஐஸைத் தாங்குற ஸ்டீல் டைப்பையும் கொண்டு வந்தாங்க. 2022ல ஹெயில்ங்கிற வானிலையை எடுத்துட்டு ஸ்னோ வந்துச்சு: ஐஸ் டைப் டிஃபென்ஸ் 50 சதவீதம் கூடும்.

டைமர்பால்
டிஃபென்ஸ் மட்டும்தான். ஃபிளேம்த்ரோயர் ஸ்பெஷல், அதுக்கு ஸ்னோ ஒண்ணும் பண்ணாது.

ஓதம்
சண்டை போடுறவங்க போடுங்க. கோல்டு, சில்வர் கேம்ல யூனியன் கேவ்ல லாப்ராஸ் வரவே மாட்டேங்குதுன்னு வேற இடத்துல ஒருத்தர் கேட்டிருந்தார், அவர் இங்கே வந்தா: வெள்ளிக்கிழமை மட்டும், அடித்தளத்துல, சர்ஃப் வேணும், லெவல் 20. கேம்ல கிழமை சரியா இருக்கான்னு பாருங்க. கோல்டு, சில்வர் கார்ட்ரிட்ஜ்ல பேட்டரி போனா கடிகாரத்தோட சேவும் சேர்ந்து போகும், அதுல இருக்கிறது சிஆர்2025.