சைவ இ.பி.ஏ. (ஒமேகா-3 கொழுப்பில் ஒரு வகை) மாத்திரை எங்கே கிடைக்கும்?

ஊட்டி, சுமார் 2,240 மீட்டர் உயரம். ஜனவரியிலிருந்து அக்காவுக்கு கேரட் தோட்டத்தில் அரை மணி நேரம் நின்றாலே கன்னமும் பின்கழுத்தும் சிவந்து எரிகிறது. பிறகு தோல் உரிகிறது. குளிர்காற்றில் வெயில் உறைப்பதே தெரிவதில்லை, அதுதான் ஆபத்து.

எஸ்.பி.எஃப். 50 கிரீம் இரண்டு மணிக்கொரு தடவை, அகலத் தொப்பி, எல்லாம் உண்டு. டாக்சிசைக்ளின் மாதிரி வெயில் ஆகாத மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளாத லூபஸ் நோயும் இல்லை என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார்.

சாப்பாட்டுக் கொழுப்பை மாற்றினால் தோல் வெயிலைத் தாங்குமா என்று பார்க்க, ஒமேகா-6 கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி எண்ணெயை நிறுத்தித் தேங்காய் எண்ணெய்க்கு மாறினோம். தினம் ஒரு ஸ்பூன் ஆளி விதைப் பொடியும். பலனில்லை. ஆளி விதையின் ஒமேகா-3 உடம்பில் இ.பி.ஏ.வாக மாறுவது மிகக் குறைவு. ஆய்வில் தோல் சிவக்கும் வரம்பை உயர்த்தியது இ.பி.ஏ.தான், தினம் 4 கிராம், மூன்று மாதம். இ.பி.ஏ. உள்ள மத்தி மீனை அக்கா தொடமாட்டார். இங்கே கிடைக்கும் பாசி எண்ணெய் மாத்திரைகளில் டி.எச்.ஏ. என்ற வேறொரு ஒமேகா-3தான் அதிகம்.

இ.பி.ஏ. அளவைத் தனியாக அச்சிட்ட பாசி எண்ணெய் மாத்திரை ஊட்டி, குன்னூர், கோவையில் எந்தக் கடையில் கிடைக்கும்?