புதுப்பிப்பு: நல்ல ஜப்பானிய கிரீன் டீ எங்கே வாங்குவது?

நல்ல சென்சா (ஜப்பானில் அதிகம் குடிக்கும் கிரீன் டீ வகை) எங்கே கிடைக்கும், எதை நம்பி வாங்குவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது இந்த யோசனைதான்: "கடைப் பேரை விடுங்க, விளைந்த இடம், பறித்த பருவம், ரகம் மூன்றும் போட்டிருக்கான்னு பாருங்க." அப்படிச் சலித்ததில் பாதிக் கடைகள் தானாகவே கழன்றுகொண்டன. கடைசியில் ஜப்பானின் டீ விளையும் பகுதியான ஷிசுவோகாவிலிருந்து நேரடியாக அனுப்பும் ஒரு கடையில் வாங்கினேன்: யபுகிதா ரகம், வசந்தத்தின் முதல் பறிப்பு. பையைப் பிரித்ததும் வெட்டிய புல்லும் கடல்பாசியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. 70 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் போதும், கசப்பே தெரியவில்லை.

எதிர்பாராத விஷயம், கூடவே வாங்கிய ஃபுகாமுஷி என்ற சென்சா வகை. அதிக நேரம் ஆவியில் வேகவைப்பதால் இலை நொறுங்கித் தூளாக இருக்கும், டீயும் கலங்கலாகத்தான் இறங்கும். மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள், சுவை அபாரம். ஆனால் கண் பெரிதான வடிகட்டி இதற்கு ஆகாது.

அப்புறம், கியோட்டோ பக்கத்து உஜி ஊரின் பெயரில் வரும் உஜி டீ தேடுபவர்களுக்கு: அந்தப் பெயர் இருந்தாலே இலை முழுக்க உஜியில் விளைந்தது என்று அர்த்தமில்லை. பக்கத்து மாகாணங்களான நாரா, ஷிகா, மியே இலைகளும் கியோட்டோவில் பதப்படுத்தப்பட்டு அதே பெயரில் வரலாம். தோட்டம் இருக்கும் ஊரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.