ஞானஸ்நானத் தொட்டி காய்ந்து கிடக்கிறது: ஆலோசனை தேவை

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். பாளையங்கோட்டைக்கு அருகே, முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற ஒரு சிறிய சபையின் செயலாளர் நான். ஞாயிறு ஆராதனைக்கு எண்பது பேர் வருகிறார்கள். பதிவேட்டில் 2016இல் மட்டும் 14 ஞானஸ்நானங்கள். 2021க்குப் பிறகு மொத்தமே 5. அந்த ஐவரும் விசுவாசிகளின் பிள்ளைகள்.

மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் நடத்தினோம். வந்தவர்கள் பக்கத்துச் சபையார். கைப்பிரதி கொடுத்தோம். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நூறு பிள்ளைகள் வந்தார்கள், அடுத்த ஞாயிறு ஒருவரையும் காணோம். வாலிபர்கள் படிப்பு முடிந்ததும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள்.

எங்கும் இதே கதைதான் என்கிறார் மூப்பர் ஒருவர். அமெரிக்காவின் தென்பகுதி பாப்டிஸ்ட் சபைகளில் 1972இல் 4.4 லட்சத்தைத் தாண்டிய ஞானஸ்நானங்கள் 2020இல் சுமார் 1.23 லட்சமாகக் குறைந்தனவாம். எனக்கு அது ஆறுதலாக இல்லை. உண்மையைச் சொன்னால், எங்களில் ஒருவரும் பக்கத்து வீட்டாரிடம் இயேசுவைப் பற்றி வாய் திறப்பதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

கூட்டம் போடாமல், சாதாரண விசுவாசிகளைத் தனிப்பட்ட நற்செய்திப் பணிக்குப் பழக்கிய சபையார் இங்கே இருந்தால், முதல் மூன்று மாதங்களில் என்ன செய்தீர்கள்?