டாவின்சி கோட்: முதல் பக்கத்து ‘உண்மை’யை எவ்வளவு நம்பலாம்?

பக்கத்துப்பக்கம் கேட்டது:

எங்கள் வாசிப்புக் குழுவில் அடுத்த கூட்டத்துக்கு டான் பிரவுனின் ‘டாவின்சி கோட்’ (2003) எடுத்திருக்கிறோம். ஏற்கெனவே படித்தவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். எடுத்தால் கீழே வைக்க முடியாது என்கிறது ஒரு கட்சி. வரலாறும் பொய், எழுத்தும் மட்டம் என்கிறது இன்னொன்று. கிறிஸ்தவ நண்பர்கள் சிலருக்கு மனம் புண்பட்டிருக்கிறது. வேறு சிலர் இதைப் படித்த பிறகுதான் திருச்சபை வரலாற்றையே தேடிப் படிக்க ஆரம்பித்தார்களாம்.

என் சிக்கல் முதல் அத்தியாயத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. ‘உண்மை’ என்று தலைப்பிட்டு ஒரு தனிப் பக்கம். பிரையரி ஆஃப் சயான் 1099-ல் தொடங்கிய நிஜமான ரகசிய அமைப்பு என்கிறது. 1975-ல் பாரிஸ் தேசிய நூலகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஆவணங்களில் நியூட்டன், விக்டர் ஹ்யூகோ, லியோனார்டோ எல்லோரும் அதன் உறுப்பினர்களாக இருக்கிறார்கள் என்கிறது. நாவலில் வரும் ஓவியம், கட்டடம், ஆவணம், சடங்கு பற்றிய விவரங்கள் அத்தனையும் துல்லியம் என்றும் அடித்துச் சொல்கிறது. இதில் எது நிற்கும், எது நிற்காது? விவரமாகச் சொல்லுங்கள். வில்லன் யார் என்பதை மட்டும் தயவுசெய்து உடைத்துவிடாதீர்கள். பாதிப் பேர் இன்னும் படிக்கவில்லை.

ஏட்டுச்சுவடி:

சண்டை எல்லாம் பிறப்பதே அந்த ஒரு பக்கத்தில்தான். அதனால் அங்கேயே தொடங்குகிறேன்.

பிரையரி ஆஃப் சயான் என்ற பெயரில் ஒரு சங்கம் இருந்தது. ஆனால் அது பதிவானது 1956-ல், பிரான்ஸில் சுவிஸ் எல்லையோரம். தொடங்கியவர்களில் முக்கியமானவர் பியேர் பிளாந்தார். பெயரில் இருக்கும் சயானுக்கும் எருசலேமின் சீயோனுக்கும் சம்பந்தமில்லை, பக்கத்தில் இருக்கும் ஒரு மலையின் பெயர் அது. குறைந்த வாடகைக் குடியிருப்புவாசிகளின் உரிமை பற்றி ஒரு சிறு இதழ் நடத்தியதுதான் அந்தச் சங்கம் ஆரம்பத்தில் செய்த வேலை.

அந்தப் பக்கம் சொல்லும் நூலக ஆவணங்களுக்கு ‘ரகசியக் கோப்புகள்’ என்று பெயர். அவற்றின் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அவை நூலகத்தில் ‘கண்டெடுக்கப்பட்டவை’ இல்லை. 1967-ல் அங்கே கொண்டுபோய் ஒப்படைக்கப்பட்டவை. ஒப்படைத்ததை நூலகம் எண் போட்டு அடுக்கி வைக்கும். உள்ளே எழுதியிருப்பது நிஜம் என்று சான்று தருவது நூலகத்தின் வேலை கிடையாது. ‘தேசிய நூலகத்தில் இருக்கிறது’ என்ற வார்த்தையே ஆதாரம் போல ஒலிப்பதால் அந்தத் தந்திரம் பலித்தது. கூடவே உலவிய ‘பழைய’ தோல் சுவடிகளை எழுதியவர் பிளாந்தாரின் நண்பர் ஃபிலிப் தெ ஷெரிஸே. 1993-ல் ஒரு நீதிபதியின் விசாரணையில் எல்லாம் தன் கற்பனை என்று பிளாந்தாரே ஒப்புக்கொண்டார்.

நாவல் வந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து. அதனால்தான் இந்தப் பக்கத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. கதைக்குள் ஒரு பாத்திரம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அது புனைவின் உரிமை. கதைக்கு வெளியே நின்று ‘உண்மை’ என்று தலைப்புப் போட்டால் அந்த உரிமை போய்விடுகிறது.

மறைநூல் மாணவன்:

55-ஆம் அத்தியாயத்தில் டீபிங் என்ற ஆங்கிலேயப் பிரபு ஒரு நீண்ட பாடம் எடுப்பார். இயேசு தெய்வம் என்பது 325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் வாக்கெடுப்பில் முடிவானது, வாக்கு வித்தியாசமும் அதிகமில்லை, அப்போதுதான் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நான்கு நற்செய்திகளைத் தேர்ந்து மற்றதை ஒழித்தார் என்பது அந்தப் பாடத்தின் சாரம். படிக்கும்போது நம்பும்படி இருக்கும். மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் பிசைந்திருக்கிறார்கள்.

நிசேயாவில் விவாதம் ஆரியுஸ் என்ற குருவின் போதனை பற்றியது. மகன் தந்தையால் படைக்கப்பட்டவரா, தந்தையோடு சமமானவரா என்பதுதான் கேள்வி. ஆரியுஸும் இயேசுவைச் சாதாரண மனிதர் என்று சொல்லவில்லை, எல்லாப் படைப்புக்கும் முந்தியவர் என்றே சொன்னார். கூடிய ஏறத்தாழ 300 ஆயர்களில் கடைசிவரை கையெழுத்திட மறுத்தவர்கள் இரண்டே பேர். அந்த விவாதத்தின் முடிவு இன்றும் ஞாயிறு திருப்பலியில் தமிழில் ஒலிக்கிறது: “உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்; தந்தையோடு ஒரே பொருளானவர்.” இந்த வரிகள் ஆரியுஸுக்குச் சொன்ன பதில் என்று தெரிந்தால் நம்பிக்கை அறிக்கை வேறு மாதிரி கேட்கும்.

கிறிஸ்துவைத் தெய்வமாக வணங்கியது அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. கி.பி. 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியலுக்கு முன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்கிறார். அவர் ஆண்ட பித்தினியா மாகாணத்தில்தான் நிசேயா ஊரே இருக்கிறது. அதே மண்ணில், சங்கம் கூடுவதற்கு 200 வருஷம் முன்னால்.

நற்செய்திகளைப் பற்றி அந்தச் சங்கம் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. நான்கு நற்செய்திகள் என்ற கணக்கை ஆயர் ஐரேனியுஸ் 180 வாக்கிலேயே வலியுறுத்திவிட்டார். இன்றைய 27 புதிய ஏற்பாட்டு நூல்களின் பட்டியல் அப்படியே வருவது ஆயர் அத்தனாசியுஸின் 367-ஆம் ஆண்டுக் கடிதத்தில். கான்ஸ்டன்டைன் செய்தது, தலைநகரின் ஆலயங்களுக்காக 50 பிரதிகள் எழுதித்தரச் சொல்லி ஆயர் யூசேபியுஸிடம் கேட்டது. அதைத்தான் நாவல் ஊதிப் பெருக்கியிருக்கிறது.

மகதலா மரியா இயேசுவின் மனைவி என்கிறது நாவல். அதற்கு ஆதாரமாக, பைபிளில் சேராத பிலிப்பு நற்செய்தி வரும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள் (58-ஆம் அத்தியாயம்). மகதலா மரியாவைக் குறிக்கும் ‘துணை’ என்ற சொல்லுக்கு அரமேய அறிஞர் யாரைக் கேட்டாலும் மனைவி என்றுதான் சொல்வார் என்கிறார் டீபிங். அந்தச் சுவடி அரமேயத்தில் இல்லை. 1945-ல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த, பழைய எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் மொழிப் பிரதி அது. அதில் வரும் சொல் ‘கொய்னோனோஸ்’, கிரேக்கத்திலிருந்து வந்தது. கூட்டாளி, பங்காளி, தோழமை எல்லாவற்றுக்கும் பொருந்தும். முத்தமிட்டார் என்ற வரியில் எங்கே என்று வர வேண்டிய இடத்தில் ஏடு சிதைந்து ஓட்டையாக இருக்கிறது. ‘வாயில்’ என்பது மொழிபெயர்ப்பாளர் ஊகித்து நிரப்பியது. அதே நூலில் முத்தம் ஞானத்தைக் கைமாற்றும் அடையாளமாகவும் வருகிறது.

நாவலுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மகதலா மரியா விலைமாது என்று பைபிளில் எங்கும் இல்லை என்பது சரிதான். 591-ல் பாப்பரசர் முதலாம் கிரகோரி ஒரு மறையுரையில் அவரையும், லூக்கா 7-ல் பெயரில்லாமல் வரும் பாவியான பெண்ணையும் ஒருவராகச் சேர்த்தார். கத்தோலிக்கத் திருச்சபை 1969-ல் நாள்காட்டியைத் திருத்தியபோது அந்த இணைப்பைக் கைவிட்டது. பலருக்கு இதை முதலில் சொன்னது இந்த நாவல்தான், அந்தப் பெருமை அதற்கு உண்டு.

வேகவாசகன்:

தப்புகளை எல்லாரும் சொல்லியாச்சு. ஆனா கோடிக்கணக்கான பேர் இதை ஏன் ஒரே மூச்சுல படிச்சாங்கன்னும் பார்க்கணும். அது தற்செயலா நடந்தது இல்ல, கட்டமைப்புல இருக்கு.

சுமார் 450 பக்கத்துக்கு 105 அத்தியாயம். சராசரியா நாலு பக்கம் சொச்சம். புதிரைத் துரத்துற நாயகன் லாங்டன், கூட வர்ற சோஃபி ஒரு தடம். துறவி சைலஸ் ஒரு தடம். போலீஸ் அதிகாரி ஃபாஷ், ஆயர் அரிங்கரோசா தனித் தடம். ஒரு தடத்துல கேள்வி எழும்பின உடனே அடுத்த தடத்துக்குத் தாவிடுவார். பதில் ரெண்டு மூணு அத்தியாயம் தள்ளி வரும், அது வரும்போது இந்தப் பக்கம் வேற கேள்வி தொங்கிட்டிருக்கும். கதை நேரமும் கிட்டத்தட்ட ஒரு ராத்திரி ஒரு பகல்தான், அதனால நிக்க இடமே இல்ல.

குறை எங்கன்னா, இந்தத் தொங்கல் எல்லாம் ஒரே தரம் இல்ல. பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாத்திரத்துக்கே தெரியாம அத்தியாயம் முடிஞ்சா அது நேர்மை. பாத்திரம் பார்த்துட்டு அதிர்ச்சி அடையுது, நமக்கு மட்டும் சொல்லாம அத்தியாயத்தை வெட்டினா அது ஏமாத்து வேலை. இதுல ரெண்டும் கலந்து கிடக்கு. குழுவுல ஆளுக்குப் பத்து அத்தியாயம் பிரிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணோட கடைசி வரியும் எந்த வகைன்னு பென்சில்ல குறிங்க. புடிச்சவங்களுக்கும் புடிக்காதவங்களுக்கும் ஏன்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

புதிர்கள்ல எனக்குப் பிடிச்சது கதை ஆரம்பத்துல செத்துப்போற லூவ்ர் அருங்காட்சியகக் காப்பாளர் தரையில எழுதிவைக்கிற ரெண்டு வரி. முதல் வரியோட 15 எழுத்தைக் கலைச்சு அடுக்கினா லியோனார்டோ டாவின்சி, அடுத்த வரியோட 11 எழுத்துல த மோனா லிசா. ஒரு எழுத்து கூடக் குறைய இல்லாம சரியா வருது. தமிழ்ல இதைச் செய்றது ரொம்பக் கஷ்டம். நம்ம எழுத்துல மெய்யும் உயிரும் ஒட்டியே இருக்கிறதால கலைச்சா சொல் சுலபமா அமையாது. மொழிபெயர்ப்புல படிக்கிறவங்க அந்த ஒரு பக்கத்தையாவது ஆங்கிலத்துல பார்த்துடுங்க.

கதையில ரகசியத்தைப் பூட்டி வைக்கிற கிரிப்டெக்ஸ்ங்கிற எழுத்துப் பூட்டு உருளையோட கணக்கும் சரி. அஞ்சு வளையம், ஒவ்வொண்ணுலயும் 26 எழுத்து, மொத்தம் 1,18,81,376 சேர்க்கை. ஆனா அந்தப் பொருளை லியோனார்டோ வடிவமைக்கல, பேரே நாவலாசிரியர் வச்சது. உடைச்சா வினிகர் கொட்டி பப்பைரஸ் கரைஞ்சிடும்ங்கறதும் நடக்காது. பப்பைரஸ் நாணல் நார். சமையல் வினிகர்ல 5 சதவீதம் போல அமிலம், அது நாரைக் கூழாக்காது. மை கலங்கினா உண்டு.

தூரிகை:

லியோனார்டோவின் ‘கடைசி இரவுணவு’ ஓவியம் பற்றி. இயேசுவின் வலப்பக்கம் இருப்பது மகதலா மரியா என்பது நாவலின் மையமான வாதம். அப்படியென்றால் யோவான் எங்கே? மேசையில் சீடர்கள் சரியாகப் பன்னிரண்டு பேர். அவரை மரியாவாக்கினால் மேசையில் ஒரு சீடர் குறைகிறார்.

யோவானை மீசை தாடியில்லாத இளைஞராக வரைவது ஃபுளோரன்ஸ் வழக்கம். கஸ்தாஞோ, கிர்லாந்தாயோ இருவரும் லியோனார்டோவுக்கு முன்பே அப்படித்தான் வரைந்தார்கள். சுவிட்சர்லாந்தின் போன்தே கப்ரியாஸ்காவில் 16-ஆம் நூற்றாண்டு நகல் ஒன்று இருக்கிறது. அதில் சீடர்களின் பெயர்களே எழுதியிருக்கின்றன, அந்த இடத்தில் யோவான் என்றுதான் இருக்கிறது.

பேதுரு அந்த உருவத்தை மிரட்டுகிறார் என்பதற்கு யோவான் 13-ஐத் திறந்து பாருங்கள். 21-ஆம் வசனத்தில் உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்கிறார் இயேசு. 24-ல் அது யார் என்று கேட்கும்படி பேதுரு அந்தச் சீடருக்குச் சைகை காட்டுகிறார். லியோனார்டோ வரைந்தது அந்தக் கணம். யோவான் நற்செய்தியின் இரவுணவில் கிண்ணத்தை எடுத்து ஆசீர்வதிக்கும் காட்சியே கிடையாது, அதனால் நடுவில் பெரிய கிண்ணம் இல்லாததில் மர்மம் ஒன்றுமில்லை. யாருடையதும் இல்லாத கை என்று நாவல் சொல்லும் கத்திப் பிடித்த கை பேதுருவுடையது, மணிக்கட்டை இடுப்புக்குப் பின்னால் மடக்கியிருக்கிறார். ஓவியத்தில் தெளிவில்லை என்பது உண்மை. ஈரச் சாந்தில் தீட்டாமல் காய்ந்த சுவரில் தீட்டியதால் லியோனார்டோ உயிரோடு இருக்கும்போதே உதிர ஆரம்பித்துவிட்டது. 1999-ல் முடிந்த செப்பனிடலுக்கு மட்டும் இருபது வருஷம் பிடித்தது. ஜாம்பியத்ரீனோ வரைந்த நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கை யாருடையது என்று தெரிந்துவிடும்.

லூவ்ரில் சோஃபி லியோனார்டோவின் ‘பாறைகளின் கன்னி’ ஓவியத்தைச் சுவரிலிருந்து எடுத்து முன்னால் பிடித்துக்கொள்ளும் காட்சியையும் அளவோடு யோசியுங்கள். படம் மட்டும் 199 செ.மீ. உயரம், 122 செ.மீ. அகலம். சட்டம் தனி.

பக்கத்துப்பக்கம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு சின்னக் கேள்வி. லூவ்ர் பிரமிடில் 666 கண்ணாடி என்கிறாரே? ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆலயத்தை டெம்ப்ளர்கள் என்ற இடைக்காலப் போர்த்துறவிகள் கட்டினார்கள் என்பது? அதோடு, இந்த நாவலை வைத்து எடுத்த படத்தைத் தமிழ்நாட்டில் தடை செய்தார்கள் என்று ஒருவர் சொன்னார், நிஜமா?

ஏட்டுச்சுவடி:

பிரமிடில் 673: சாய்சதுரம் 603, முக்கோணம் 70. ராஸ்லின் ஆலயத்துக்கு அடிக்கல் போட்டது 1446-ல், வில்லியம் சின்க்ளேர் என்ற பிரபு. டெம்ப்ளர் அமைப்பைப் பாப்பரசர் கலைத்தது 1312-ல். கட்ட ஆள் யாரும் மிச்சமில்லை. அவர்களை எரித்த சாம்பலை ஐந்தாம் கிளமெண்ட் டைபர் ஆற்றில் கொட்டினார் என்று வரும் இடத்தையும் பாருங்கள். டைபர் ரோமில் ஓடுகிறது. அந்தப் பாப்பரசர் பிரான்ஸிலேயே இருந்தவர், 1309 முதல் அவின்யோன். கைது உத்தரவு போட்டது பிரெஞ்சு மன்னர் நான்காம் ஃபிலிப்.

படத் தடை நிஜம். 2006-ல் மத்தியத் தணிக்கை வாரியம் சான்று கொடுத்த பிறகும் மாநில அரசு தடை போட்டது, சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புத்தகம் அப்போதும் கடைகளில் கிடைத்தது.